மென்பொருள் உரிமம்: சிறிய அலுவலகத்தார் அறிய வேண்டியவை

தங்கவயல்காரர்களுக்கு உரிமம் என்ற சொல் புதியதன்று. இந்த ஊரே ஓர் உரிமத்திலிருந்து பிறந்ததுதான். 1875ஆம் ஆண்டு மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற படைவீரர், கோலார்ப் பகுதியில் சுரங்கம் தோண்டும் உரிமையை மைசூர் அரசிடமிருந்து பெற்றார். கையில் முதல் போதவில்லை. அரசின் இசைவோடு அவ்வுரிமையை வேறொரு குழுவினருக்கு மாற்றிக் கொடுத்தார். 1880 வாக்கில் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தார்கள். தோண்டியெடுத்த தங்கத்துக்கு மைசூர் அரசுக்கு ராயல்டி கட்டினார்கள். நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. தோண்டும் அனுமதிதான் அவர்களுடையது. எந்த எல்லைக்குள், எத்தனை ஆண்டுக்கு, பிறருக்கு மாற்றலாமா கூடாதா என்பவையே அந்த அனுமதியின் உயிர்.

ராபர்ட்சன்பேட்டையில் ஓர் அலுவலகத்துக்குக் கணிப்பொறி வாங்கி, அதில் விண்டோஸ், ஆபீஸ், டாலி என்று போட்டுக்கொள்பவர் வாங்குவதும் இத்தகைய அனுமதியைத்தான். மென்பொருள் நமக்குச் சொந்தமாவதில்லை. அதைக் குறிப்பிட்ட இயந்திரத்தில், குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட காலத்துக்கு ஓட்டலாம் என்ற இசைவு மட்டுமே கிடைக்கிறது. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால், எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது, எங்கே பணம் வீணாகிறது என்பதெல்லாம் தாமே விளங்கிவிடும்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டபின் நம் இளைஞர்களில் பெரும்பாலோர் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். ஊரிலேயே தங்கித் தொழில் செய்ய விரும்புகிறவர்கள் கணக்கு எழுதும் அலுவலகம், வரி ஆலோசனை, தட்டச்சு, அழைப்பிதழ் அச்சு என்று சிறிய அளவில் தொடங்குகிறார்கள். முதல் குறைவு. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய கணிப்பொறிகளை வாங்கிவந்து நிறுத்துகிறார்கள். அந்தப் பழைய இயந்திரங்களில் ஓடும் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. ஆபீஸ் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கும் அதே நாள்தான் கடைசி நாள். எனவே பல அலுவலகங்கள் இப்போது ஏதாவது ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டிய நிலையில் இருக்கின்றன.

சட்டம் சொல்வது

“எல்லாரும் கிராக் போட்டுத்தானே ஓட்டுகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. 1984இல் செய்த திருத்தத்தால் கணிப்பொறி நிரல்களும் அதன் பாதுகாப்புக்குள் வந்தன. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 63பி என்ற பிரிவைச் சேர்த்தது. கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணிப்பொறியில் பயன்படுத்தினால் ஏழு நாளுக்குக் குறையாமல், மூன்றாண்டு வரை சிறை. ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல், இரண்டு லட்சம் வரை அபராதம். தொழிலுக்கோ ஆதாயத்துக்கோ அதைப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். அலுவலகம் நடத்துகிறவர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, குற்றம் விற்றவரோடு நின்றுவிடுவதில்லை என்பது. பயன்படுத்துகிறவர் மேலேயே பிரிவு பாய்கிறது. “ஹார்டுவேர் பையன் போட்டுக் கொடுத்தான், எனக்கென்ன தெரியும்” என்ற பதில், பில் இல்லாத அலுவலகத்தில் எடுபடுவது கடினம்.

அதே சட்டம் நமக்கு ஓர் உரிமையும் தருகிறது. முறையாக வாங்கிய நிரலை, தொலைந்தோ அழிந்தோ போனால் உதவும் என்று காப்புப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் பலர் அறிவதில்லை.

சட்டத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கிராக் நிரலை நிறுவும்போது முதலில் செய்யச் சொல்வது என்ன? வைரஸ் தடுப்பை நிறுத்து என்பதுதான். வீட்டுக் காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு முகம் தெரியாதவனை உள்ளே விடுவது போன்ற காரியம் இது. ஒரு வரி ஆலோசகரின் கணிப்பொறியில் ஐம்பது நூறு பேருடைய பான் எண், வங்கிக் கணக்கு, கொள்முதல் விற்பனை விவரம் எல்லாம் இருக்கின்றன. பிறர் நம்மை நம்பிக் கொடுத்தவை அவை. ஒரு நாள் காலையில் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு செய்தி திரையில் நின்றால், மிச்சம் பிடித்த ரூபாய் எந்த மூலைக்குக் காணும்?

உரிமத்தின் வகைகள்

கணிப்பொறி வாங்கும்போதே அதனுடன் வருகிற விண்டோஸ் உரிமம் ஒரு வகை. விலை குறைவு. ஆனால் அது அந்த இயந்திரத்தோடு பிறந்து அந்த இயந்திரத்தோடு மடிவது. தாய்ப்பலகை போய்விட்டு வேறு கணிப்பொறி வாங்கினால் அந்த உரிமத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தனியாகப் பெட்டியில் அல்லது எண்ணாகக் கடையில் வாங்குவது மற்றொரு வகை. விலை கூடுதல், ஆனால் பழைய இயந்திரத்திலிருந்து நீக்கிப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். லாவெல் தம் உரிமையை மாற்றிக் கொடுத்தது போல, மாற்றும் உரிமை இதில் உண்டு.

பழைய கணிப்பொறி வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கும் விண்டோஸ் அந்த இயந்திரத்துக்கு உரியதா என்று விற்பவரிடம் கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் ‘சாவி எண்’ மட்டும் விற்கிறார்களே, அது வேலை செய்யுமே என்பார்கள். வேலை செய்வது வேறு, உரிமம் உள்ளது என்பது வேறு. ஏதோ ஒரு பெரிய நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ கொடுத்த எண்ணைச் சில்லறையாக விற்றாலும் கணிப்பொறி சில காலம் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அதனால் அது உங்களுக்குரிய எண்ணாகிவிடாது.

விண்டோசில் ‘ஹோம்’, ‘ப்ரோ’ என்று இரண்டு உண்டல்லவா? பெயரைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு ‘ப்ரோ’தான் வேண்டும் என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். நான்கைந்து இயந்திரம் உள்ள அலுவலகத்துக்கு ஹோம் பதிப்பே பெரும்பாலும் போதும். அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. வெளியூரிலிருந்து அந்த இயந்திரத்துக்குள் விண்டோசின் சொந்த வசதி வழியே நுழைந்து வேலை செய்ய வேண்டும், அல்லது எல்லா இயந்திரங்களையும் ஒரு மையச் சர்வரின் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்றால்தான் ப்ரோ தேவை.

ஆபீசில் கதை தலைகீழ். 2021 வரை வந்த ‘ஹோம் அண்டு ஸ்டூடண்ட்’ பதிப்பு மலிவு. ஆனால் அதன் உரிமம் வருமானம் தரும் வேலைக்கு அனுமதி தருவதில்லை. வீட்டுக்கும் படிப்புக்கும் மட்டும். பெட்டியின் வெளியே ஒரே மாதிரி வேர்டு, எக்செல் படம்தான் இருக்கும். உள்ளே இருக்கும் அனுமதி வேறு.

மூன்றாவது வகை வாடகை. மாதமோ ஆண்டோ பணம் கட்டும் வரை ஓடும், கட்டாவிட்டால் நிற்கும். வாடகை என்றாலே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாத வேலைக்கு மூன்று மாத வாடகை கட்டுவது புத்திசாலித்தனம். ஆனால் ஐந்தாண்டுக் கணக்கு போட்டுப் பார்க்காமல் வாடகைக்குப் போகக் கூடாது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் ஆபீசுக்கும் ஆயுள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். 2024 அக்டோபரில் வந்த ஆபீஸ் 2024க்குத் திருத்தங்கள் 2029 அக்டோபர் வரைதான். ஆகவே அதன் விலையை ஐந்தால் வகுத்து, ஓராண்டு வாடகையோடு ஒப்பிடுங்கள். எது குறைவோ அது. இந்தக் கூட்டல் வகுத்தலுக்குக் கால்குலேட்டரே போதும். விற்பனையாளரின் பேச்சு தேவையில்லை.

‘இலவசம்’ என்ற சொல்

ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலை உள்ளதற்கும் ஒரே சொல்லைச் சொல்லிக் குழம்புகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. விலையில்லாதது இலவச மென்பொருள். பயன்படுத்தவும் படியெடுக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது அலுவலகத்துக்கு மிக முக்கியம்.

‘டீம்வியூவர்’, ‘எனிடெஸ்க்’ போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் தம்பியின் கணிப்பொறியைத் தொலைவிலிருந்து சரிசெய்ய இலவசம். வாடிக்கையாளரின் கணிப்பொறியில் நுழைந்து டாலியைச் சரிசெய்தால் அது தொழில், கட்டணம் உண்டு. சில நாள் பயன்படுத்தியதும் “தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்கள் போலிருக்கிறது” என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிடும். சில இலவச வைரஸ் தடுப்பு நிரல்களும் வீட்டுக்கு மட்டுமே இலவசம். விண்டோசோடு வருகிற டிஃபெண்டர் அலுவலகத்திலும் பயன்படுத்தத் தக்கது. தனியாக வாங்கப் பணம் இல்லாதவர் அதையே ஒழுங்காக ஓடவிட்டால் போதும். வின்ரார் நாற்பது நாள் சோதித்துப் பார்க்க மட்டும் தரப்படுவது. நாற்பது நாள் கழித்தும் அது ஓடிக்கொண்டிருக்கிறதே என்பது அனுமதி ஆகாது. அதன் வேலையைச் செய்ய 7-ஜிப் இருக்கிறது; அதை அலுவலகத்திலும் தடையின்றி ஓட்டலாம்.

கட்டற்ற மென்பொருள் என்ற இயக்கத்தை 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கினார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது. 2010இல் ஓபன்ஆபீசிலிருந்து பிரிந்து வளர்ந்தது லிப்ரெஆபீஸ். இவற்றை எத்தனை கணிப்பொறியில் வேண்டுமானாலும் நிறுவலாம். ஐந்து இயந்திரமோ ஐம்பதோ, எண்ணிக்கைக்குக் கட்டணமில்லை. தொழில், வீடு என்ற பாகுபாடும் இல்லை. சின்ன அலுவலகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. இன்று விலையில்லாமல் கிடைப்பது நாளையும் அப்படியே கிடைக்கும் என்பது கட்டற்ற மென்பொருளுக்குத்தான் பொருந்தும். வெறும் இலவச நிரலை அதன் உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் கட்டணத்துக்கு மாற்றலாம். அது அவருடைய பொருள், குறை சொல்வதற்கில்லை. ஜாவாவையே பாருங்கள். பல்லாண்டு யாரும் யோசிக்காமல் இறக்கிப் போட்டுக்கொண்ட ஆரக்கிள் ஜாவா 8க்கு, 2019 ஜனவரிக்குப் பிறகு வந்த திருத்தங்களைத் தொழில் நிறுவனங்கள் பெறச் சந்தா கேட்டார்கள். அப்போது கைகொடுத்தது ஓபன்ஜேடிகே என்ற கட்டற்ற பதிப்பு.

ஓர் அலுவலகம், ஐந்து கணிப்பொறி

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயனில்லை. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் ஒரு கணக்கு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் ஒருவர், கணக்கு எழுதுகிறவர் இருவர், தட்டச்சும் அழைப்பிதழ் வேலையும் பார்ப்பவர் ஒருவர், வரவேற்பில் ஒருவர். இயந்திரம் ஐந்து. வழக்கமாகச் செய்வது ஐந்துக்கும் ஒரே பட்டியல் போட்டு விலை கேட்பது. தொகையைக் கேட்டதும் மயக்கம் வந்து, கிராக் போடச் சொல்லிவிடுவது.

அப்படிக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு நாற்காலியிலும் என்ன வேலை நடக்கிறது என்று எழுதுங்கள்.

வரவேற்பில் இருப்பவர் கடிதம் அடிக்கிறார், மின்னஞ்சல் பார்க்கிறார், ரசீது அச்சிடுகிறார். அவருக்கு விண்டோசே வேண்டாம். லினக்சும் லிப்ரெஆபீசும் போதும். உரிமையாளர் பார்ப்பது ஜி.எஸ்.டி. தளமும் வருமான வரித் தளமும். இரண்டும் உலாவியில் திறப்பவை. ஆனால் வருமான வரித்துறை வெளியிடும் எக்செல் படிவங்கள் மேக்ரோ நிரல் கொண்டவை. லிப்ரெஆபீசில் அவை ஒழுங்காக நடப்பதில்லை. டிஜிட்டல் கையொப்பச் சாவியும் விண்டோசில்தான் தொல்லையின்றி வேலை செய்யும். ஆகவே அவருடைய இயந்திரத்துக்கு விண்டோசும், உண்மையான எக்செல் உள்ள ஆபீஸ் உரிமம் ஒன்றும் வாங்கத்தான் வேண்டும். ஐந்து ஆபீஸ் வாங்க நினைத்தவர் இப்போது ஒன்றோடு நிற்கிறார்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு டாலி. இது நம் பெங்களூர் நிறுவனம், 1986இல் தொடங்கியது. சிறு வணிகர் கணக்கில் டாலிக்கு மாற்று சொல்வது எளிதன்று. கணக்கெழுதத் தெரிந்தவரை வேலைக்கு எடுத்தால் அவருக்குத் தெரிந்திருப்பது டாலிதான். ஆடிட்டர் கேட்பதும் டாலிக் கோப்புதான். எனவே இங்கே மிச்சம் பிடிக்கப் பார்க்காமல், சரியான உரிமத்தைத் தேர்ந்தெடுக்கப் பார்க்க வேண்டும்.

‘சில்வர்’ என்பது ஒரு கணிப்பொறியில் ஒருவர் ஓட்டுவது. ‘கோல்டு’ என்பது ஒரே அலுவலக வலையமைப்பில் உள்ள எல்லா இயந்திரத்திலும் பலர் ஒரே நேரத்தில் ஓட்டுவது. 2024ஆம் ஆண்டு விலைப்படி சில்வர் 22,500 ரூபாய், கோல்டு 67,500 ரூபாய். வரி 18 விழுக்காடு தனி. மூன்று சில்வரின் விலை ஒரு கோல்டின் விலை. எனவே இருவர் மட்டும் கணக்கெழுதும் அலுவலகத்தில், ஒருவர் எழுதும் வாடிக்கையாளரின் கணக்கை மற்றவர் அதே நேரத்தில் தொடுவதில்லை என்றால், இரண்டு சில்வர் 45,000 ரூபாயில் காரியம் முடியும். ஆளுக்கு இத்தனை வாடிக்கையாளர் என்று பிரித்துக் கொடுத்தால் ஆயிற்று. மாறாக, ஒரு பெரிய மளிகைக் கடைபோல ஒரே கணக்கில் ஒருவர் பில் போட, ஒருவர் சரக்கு ஏற்ற வேண்டும் என்றால் கோல்டு தவிர வழியில்லை. மூன்றாவது ஆள் வந்தாலும் கோல்டுதான்.

அடுத்தது ஆண்டுச் சந்தா. வாங்கிய முதலாண்டு அது விலையிலேயே அடங்கும். பிறகு ஆண்டுதோறும் சில்வருக்கு 4,500, கோல்டுக்கு 13,500 என்பது அதே 2024 விலை. கட்டாவிட்டால் டாலி நின்றுவிடாது. கையில் உள்ள பதிப்பு ஓடும். புதிய பதிப்பும் இணையவழி வசதிகளும் கிடைக்காது. வரி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் நம் நாட்டில், பிறர் கணக்கை எழுதிப் பிழைப்பவர் சந்தாவை நிறுத்துவது சரியன்று என்பது என் கருத்து. சொந்தக் கடைக் கணக்கை மட்டும் எழுதுபவர் யோசித்துச் செய்யலாம். ஐந்தாண்டுக்குச் சில்வர் ஒன்றின் முழுச் செலவு, 2024 விலையில் வரி நீங்கலாக 40,500 ரூபாய் ஆகிறது. மாதத்துக்கு 675 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தம் ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்லிப் பில் வாங்கியிருக்க வேண்டும்!

டாலி விஷயத்தில் இன்னொன்று. கணிப்பொறியை ஃபார்மட் செய்யுமுன், உள்ளே போய் உரிமத்தை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கென்றே ‘சரண்டர்’ என்ற வசதி இருக்கிறது. ஒப்படைத்த உரிமத்தைப் புதிய இயந்திரத்தில் மறுபடி உயிர்ப்பிக்கலாம். அதைச் செய்யாமல் அவசரத்தில் ஃபார்மட் செய்துவிட்டு, பிறகு தொலைபேசியும் கையுமாக நிற்கிறவர்கள் ஏராளம்.

தனியார் நிறுவனங்களின் கணக்கெழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்கள், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும், அந்தப் பதிவை நிறுத்தமுடியாத மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். தனிநபர் கடைக்கும் சாதாரணக் கூட்டு வணிகத்துக்கும் இவ்விதி இல்லை. பழைய கிராக் டாலியில் ஒரு கம்பெனியின் கணக்கை எழுதினால், உரிமக் குற்றத்தோடு இந்த விதியையும் மீறியதாகும்.

மீதி இருப்பது அழைப்பிதழ் வேலை பார்ப்பவர். இங்கே எனக்குக் கட்டற்ற வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளை 2013 முதல் சந்தாவாகத்தான் தருகிறார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதன்பின் அது வளரவேயில்லை. படங்களுக்கு கிம்ப், கோடு வரைவுக்கு இங்க்ஸ்கேப், பக்க அமைப்புக்கு ஸ்க்ரைபஸ் ஆகியவை கட்டற்றவை. 2024இல் வந்த ஸ்க்ரைபஸ் 1.6 தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. ஆனால் ஃப்ளெக்ஸ் அச்சகமும் ஆல்பம் போடுகிறவரும் கேட்பது கோரல்டிரா கோப்போ ஃபோட்டோஷாப் கோப்போதான். வெளியே கொடுத்து வாங்கும் வேலை பாதிக்கு மேல் இருந்தால் ஒரே ஓர் இயந்திரத்துக்குச் சந்தா கட்டுங்கள். அந்தச் செலவை வேலையின் விலையில் சேருங்கள். எல்லாம் உள்ளேயே முடியும் என்றால் பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு

நம் சங்கங்களின் மலர்களையும் இதழ்களையும் அச்சுக்குத் தயாரிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். எழுத்துருவும் ஒரு மென்பொருளே. 1990களில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு செய்து விற்றார்கள்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீடு. ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பின் தாம், தாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக அறிவிக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துரு இல்லாவிட்டால் பழைய மலர்களின் கோப்புகளைப் படிக்கவே முடியாது என்ற நிலையில் பல சங்கங்கள் இன்றும் இருக்கின்றன. நம் எழுத்தைப் படிக்க இன்னொருவரிடம் உரிமம் கேட்டு நிற்பது எவ்வளவு வேடிக்கை! அவற்றை இப்போதே ஒருங்குறிக்கு மாற்றிவைப்பது நல்லது.

ஒருங்குறியில் ‘நோட்டோ’ வரிசைத் தமிழ் எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. அழைப்பிதழ் அடித்து விற்கலாம், கோப்பைப் பிறருக்குக் கொடுக்கலாம். விண்டோசோடு வரும் லதா போன்றவற்றில் அச்சடிக்கலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் பிரித்தெடுத்து லினக்ஸ் இயந்திரத்தில் போடுவது சரியன்று.

கர்நாடகத்தில் இருக்கும் நமக்குக் கன்னடமும் வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கும் நகரசபைக்கும் மனு கன்னடத்தில் போக வேண்டும். அதற்குக் கன்னட கணக பரிஷத்து உருவாக்கி, கர்நாடக அரசு ஏற்றுக்கொண்ட ‘நுடி’ விலையின்றிக் கிடைக்கிறது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் ஒரே தாளில் வர ஒருங்குறியே வழி. இதற்கென்று தனி மொழிமென்பொருள் விற்க வருகிறவரிடம் காசு கொடுக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

மாறும்போது வரும் சிக்கல்

லினக்சுக்கு மாறு என்று சொல்வது எளிது. மாறியவர்கள் அனுபவத்தைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த 2006-07 காலத்தில் சூசே லினக்சுக்கும் ஓபன்ஆபீசுக்கும் மாறியது. அரசு நிறுவனம் என்பதால் மேலிருந்து ஆணை வந்தது, வேலை நடந்தது. ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, பத்தாண்டு உழைத்துச் சுமார் 15,000 கணிப்பொறிகளை லினக்சுக்கு மாற்றியது. 2017இல் மீண்டும் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது. அரசியல் காரணங்கள் ஒருபுறம் இருக்க, பிற அலுவலகங்களோடு கோப்புப் பரிமாறுவதில் ஊழியர்களுக்கு இருந்த எரிச்சலும் அங்கே பேசப்பட்டது.

நம் ஐந்து பேர் அலுவலகத்தில் எரிச்சல் வரும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இரண்டு. முதலாவது அச்சுப்பொறி. கேனான் எல்பிபி 2900 நம்மூர் அலுவலகங்களில் எங்கும் காணப்படுவது, நல்ல உழைப்பாளி. அதை லினக்சில் ஓட்டுவது பெரும்பாடு. விண்டோஸ் இயந்திரத்தோடு அதை இணைத்துவிட்டு, லினக்ஸ் இயந்திரத்திலிருந்து பிடிஎஃப் கோப்பை அனுப்பி அச்சிடச் சொல்வது சுலபம். எச்.பி. அச்சுப்பொறிகள் பலவும் லினக்சில் தொல்லை தருவதில்லை. இயந்திரத்தை மாற்றுமுன், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து லினக்சைத் தொடங்கி, ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

இரண்டாவது, வேர்டு கோப்பைத் திறந்தால் வரிகள் இடம் மாறிக் கிடப்பது. பெரும்பாலும் இது எழுத்துரு இல்லாததால் நேர்வது. கலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலடியா, டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஏரியலுக்கும் லிபரேஷன் வரிசை என்று அதே அகலமுள்ள கட்டற்ற எழுத்துருக்கள் உள்ளன. அவற்றை நிறுவினாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய இயந்திரங்களைக் குப்பையில் போட வேண்டாம். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை, டிபிஎம் 2.0 இல்லாதவை அதை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கு மேலும் திருத்தம் வேண்டுமென்றால் வணிக நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கட்டணம் இயந்திரத்துக்கு முதலாண்டு 61 டாலர். அது ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். பழைய இயந்திரத்துக்கு அப்பணத்தைக் கொட்டுவது வீண். வரவேற்பு மேசைக்கும் தட்டச்சுக்கும் லினக்ஸ் மின்ட், உபுண்டு இவற்றில் ஒன்றைப் போடுங்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சும் உண்டு. இந்திய மொழிகளுக்கு அதில் தனிக் கவனம் செலுத்தியிருக்கிறார்கள். டாலியும் எக்செலும் ஓடும் இயந்திரங்களுக்கு மட்டும் விண்டோஸ் 11 ஏற்கும் கணிப்பொறி வாங்குங்கள்.

பதிவு பெற்ற பொதுநலச் சங்கமாக இருந்தால் விலை கேட்குமுன் சலுகை கேளுங்கள். மைக்ரோசாஃப்ட், கூகுள் இரண்டுமே இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கு விலையின்றியோ குறைந்த விலைக்கோ சில சேவைகளைத் தருகின்றன. பதிவுச் சான்றிதழைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். சங்கத்துக்குக் கிடைத்த அந்த உரிமத்தைச் செயலாளர் தம் கடையில் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சொல்லாமலே அறிவீர்கள்.

கடைசியாக ஒரு பதிவேடு. நாற்பது பக்க நோட்டு போதும். இயந்திரத்துக்கு ஒரு பக்கம். அதில் உள்ள மென்பொருளின் பெயர், பதிப்பு, உரிம எண், வாங்கிய நாள், பில் எண், எந்த மின்னஞ்சல் முகவரியில் பதிந்தது, எப்போது முடிகிறது. பில்லை அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மின்னஞ்சல் முகவரி அலுவலகத்தின் பெயரில் இருக்கட்டும். வேலை செய்யும் பையனின் சொந்த முகவரியில் பதிந்தால் அவன் பெங்களூரில் வேறு வேலை கிடைத்துப் போகிற அன்று உரிமமும் அவனோடு போய்விடும். சந்தா முடியும் தேதிகளை மட்டும் முதல் பக்கத்தில் தனியாக எழுதி, அந்தப் பக்கத்தைச் சுவரிலும் ஒட்டிவையுங்கள்.